அழைப்பு வராத போன்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றைக்கும் என் பெயரை வாயால் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கர்ப்ப அட்டையின் மேலே சிவப்பு மையில் 'காது கேட்காது' என்று இருக்கிறது. எழுதியதே கூப்பிட்ட நர்ஸ்தான். எழுதி முடித்து, அட்டையை மேசையில் வைத்துவிட்டு, பெஞ்சைப் பார்த்து 'மம்லே, மம்லே' என்று இரண்டு தடவை கூப்பிட்டாளாம். நான் வரவில்லையாம், பெஞ்சில் இருந்த ஒருத்தி பிற்பாடு எழுதிக் காட்டினாள். அதனால் அட்டை அடுக்கின் அடியில் போய்விட்டது.

காலை ஏழரைக்குப் போனவள் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஒன்பது வயிறுகள் உள்ளே போய்த் திரும்பி வந்தன. பொறுக்க முடியாமல் எழுந்து போய் மேசையைத் தட்டினேன். அவள் என் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து ஏதோ சொன்னாள். வாயைப் பெரிதாகத் திறந்தால் என் காதும் திறந்துகொள்ளும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய்வார்களாம். எனக்கு. போன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

எட்டாம் மாதம் ஆரம்பித்துவிட்டது. மார்ச் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அங்கே நடந்ததை இன்றைக்கு எழுத முடியாது.

பிப்ரவரி 8, வியாழன்

பிரசவத்துக்கு என் தோழி எசினாம் ஒரு வழி சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பா மாம்போங்கில் எங்கள் காது கேளாதோர் பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொடுத்தவர். எசினாமுக்குக் காது கேட்கும், ஆனால் தொட்டிலிலேயே கைமொழி வந்துவிட்டது. இப்போது அக்ராவில் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரிகளிலும் எங்களைப் போன்றவர்களுக்காக மொழிபெயர்க்கிறாள். வலி எப்போது வரும் என்று தெரியாமல் இங்கே கொஃபொரிடுவாவில் வந்து உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

"வீடியோவுல வர்றேன்டி," என்றாள். "யாராவது ஒரு பொம்பள போன என் பக்கமா புடிச்சா போதும். அவங்க சொல்றத நான் கையில உனக்குச் சொல்றேன். நீ சொல்றத வாயால அவங்களுக்குச் சொல்றேன். ஒரு வார்த்த விடமாட்டேன்."

என் கணவன் தேயே வார்டுக்குள் வர முடியாது, ஆண்களை விடுவதில்லை. வந்தாலும் அவனுக்கும் காது கேட்காது. ஏழு வயதில் காய்ச்சலில் போனது. நான் பிறந்ததிலிருந்தே இப்படி. ஆக எசினாம்தான்.

உடனே ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது நிமிடம் அவள் வலது கை கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பிறகு விரல்கள் சதுரம் சதுரமாகக் கலைந்தன. பிறகு சுழலும் வட்டம். காது கேட்பவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். எனக்குப் படம் நின்றால் ஆளே போய்விட்டாள்.

தேயேயின் சித்தப்பா மகன் அமெரிக்காவில் பயன்படுத்திவிட்டு அனுப்பிய போன் இது. வெளியே பார்த்தால் கண்ணாடியாக மின்னுகிறது. இங்கே வந்தால் பழைய 3ஜியில் நொண்டுகிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

லாரி நிலையத்துக்கு எதிரில், மஞ்சள் குடைக்கு அடியில் ஒஃபோசு. பூட்டிய போன்களைத் திறப்பதில் அவனை விட்டால் ஆளில்லை என்று என் முடி பின்னும் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதாவது, எழுதிக் காட்டுகிறார்கள்.

நானும் எழுதிக் கொடுத்தேன். அவன் தன் போனில் தட்டித் தட்டிக் காட்டினான். "உள்ள 4ஜி இருக்கு மேடம். அந்த ஊர் கம்பெனிக்காரன் நம்ம ஊர் அலைவரிசைய பூட்டி வெச்சிருக்கான். கம்ப்யூட்டர்ல சொருகித் தெறந்துடலாம். ரெண்டு மணி நேரம்."

திறந்தான். மூலையில் 4ஜி என்று வந்தது. கையை நீட்டினேன். தரவில்லை! அவனுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த போனையும் ஒரு தடவை கூப்பிட்டு, பேசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பானாம். தன் போனிலிருந்து என் போனைக் கூப்பிட்டான். அது துடித்தது. எடுத்து என் காதில் வைத்தான். 'பேசுங்க' என்று கையால் சைகை வேறு.

அரை மணி நேரமாக எழுதி எழுதிக் காட்டியவள் நான். குடைக்கு அடியில் நின்றிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவனும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10, சனி

எசினாமோடு இருபது நிமிடம்! விரல் நகத்தின் சாயம் வரை தெரிந்தது. அவளைப் பார்த்து அழுதுவிட்டேன், அவள் திட்டினாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மறுபடியும் நின்றது. ஞாயிறு ஒரு தடவை, நேற்று இரண்டு தடவை, இன்றைக்குக் காலையில் ஒரு தடவை. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு தடவையும் போன் துடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவுடன் மூலையில் இருக்கும் 4ஜி போய் 3ஜி வந்துவிடுகிறது. எசினாம் கல்லாகிவிடுகிறாள்.

காது கேட்காதவளுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். போன் கம்பெனியின் விளம்பரம். ஏதோ தப்பு நம்பர், விடாமல் நான்கு தடவை. ஆஸ்பத்திரி! ரத்த முடிவைச் சொல்லத்தான் இருக்கும். சொல்லுங்கள், சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள்.

அப்புறம் அத்தை, தேயேயின் அம்மா.

அத்தையைத் திட்ட முடியாது. ஊரில் அவருக்கு ஒரு பழைய பொத்தான் போன். எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்குள் ஒரு தடவை கூப்பிட்டு உடனே கட் செய்வார். தலையணைக்கு அடியில் துடிக்கும். நானும் ஒரு தடவை கூப்பிட்டுக் கட் செய்வேன். அவர் உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கிறேன். எங்களுக்குள் இருக்கும் பேச்சு அவ்வளவுதான்.

போன தடவை வயிற்றில் குழந்தை இருந்தபோது இரண்டு தடவை கூப்பிடுவார். ஒன்று எனக்கு, ஒன்று வயிற்றுக்கு. நானும் இரண்டு தடவை. அது போன மறுநாளிலிருந்து ஒன்றாகிவிட்டது. இந்தத் தடவை எட்டு மாதமாகியும் ஒன்றுதான். இந்தக் குழந்தையை அவர் கணக்கில் வைக்கவில்லையா? கேட்கவும் முடியாது. கைமொழியும் தெரியாது, எழுத்தும் தெரியாது அவருக்கு.

சரி, திட்டத்தான் செய்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

ஒஃபோசுவிடம் போனேன். கூப்பிடும்போதெல்லாம் வீடியோ நிற்கிறது என்று எழுதினேன்.

அவன் தட்டினான்: "இந்த மாடலுக்கு இங்க 4ஜில பேச்சு வராது மேடம். கால் வந்தா 3ஜிக்கு எறங்கித்தான் புடிக்கும். எறங்குனா திரும்ப ஏற நேரம் ஆகும்."

"இறங்கவே விடாமல் செய்ய முடியாதா?"

"செய்யலாம். ஒளிஞ்சிருக்கற மெனு ஒண்ணு இருக்கு. 4ஜி மட்டும்னு வெச்சுடலாம். ஆனா கால் வராது, போகாது. கூப்பிட்டா 'ஸ்விட்ச் ஆஃப்'னு சொல்லும்."

"அதைச் செய்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்புறம் அது போனே இல்லையே மேடம்! வெறும் கண்ணாடி. நான் அப்படிப் பண்ணிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எவன் என் கடைக்கு வருவான்?"

செய்யச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். நாளைக்கு வா என்றான்.

பிப்ரவரி 17, சனி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

வியாழன் வாங்கி வந்தேன். 'முடிஞ்சுது' என்று கட்டை விரலைக் காட்டினான். நம்பினேன். இன்றைக்கு எசினாம், வலி அதிகமானால் நர்ஸிடம் என்ன கேட்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது துடித்தது. நின்றது.

மூச்சு வாங்க நடந்து போய்க் கேட்டேன். முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. "பண்ணேன் மேடம், உண்மையாவே பண்ணேன். அப்புறம் கூப்பிட்டுப் பாத்தேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. மனசு கேக்கல. பழையபடி மாத்திட்டேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு அவசரம்னா யாரும் உங்களைக் கூப்பிட வேணாமா?"

என் அவசரத்தின்போது யாராவது கூப்பிட்டால்தான் நான் சாகப்போகிறேன் என்று இவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

பிப்ரவரி 19, திங்கள்

முடித்துவிட்டேன்.

அவனுடைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஒரு முழுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். 'எனக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்து யாரும் என்னோடு போனில் பேசியதில்லை. பேசப்போவதுமில்லை. போன தடவை வார்டில் அவர்கள் சொன்னது ஒன்றும் புரியாமல் என் குழந்தை போய்விட்டது. இந்தத் தடவை என் மொழிபெயர்ப்பாளர் இந்தக் கண்ணாடிக்குள்தான் இருப்பாள். இதில் மணி அடித்தால் அவள் போய்விடுவாள். உனக்கு இது போனாக இருக்க வேண்டாம்.'

படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன். போனை வாங்கி, நம்பர்களை அழுத்தி அந்த மெனுவைத் திறந்து, மாற்றினான். வழக்கத்தை மட்டும் விடவில்லை. தன் போனிலிருந்து கூப்பிட்டான். காதில் வைத்துக் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சாவுச் செய்தி வந்தவன் முகம். அப்படியே என்னிடம் நீட்டினான்.

வீட்டுக்கு வந்து எசினாமோடு ஒரு மணி நேரம். ஒரு விரல்கூட நிற்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையில் தலையணை துடிக்கவில்லை. அத்தைக்குத் தெரியாதே. தேயேயை யார் மூலமாவது ஊருக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். சரி என்றான்.

பிப்ரவரி 23, வெள்ளி

அவன் சொல்லவில்லை.

மத்தியானம் கடையில் ஒரு பெண்ணுக்குப் பாதித் தலை பின்னியிருக்கிறேன். வாசலில் அத்தை. தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடக்கிறது, ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு வாய் ஆரம்பித்தது. என் கடையில் இருந்த ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு நல்ல வார்த்தைகள் போலிருக்கிறது.

தேயே வெல்டிங் பட்டறையிலிருந்து ஓடி வந்தான். சின்ன வயதில் காது கேட்டவன் என்பதால் அம்மாவின் உதட்டை அவனுக்குப் படிக்கத் தெரியும், வாயால் பேசவும் வரும். நடுவில் நின்று கையால் சொன்னான்.

"மூணு நாளா ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னு ஒருத்தி சொல்றா. மூணு நாள்! நீ செத்துட்டேன்னு அழுதுக்கிட்டு ரெண்டு ட்ரோட்ரோ வேன் மாறி வந்திருக்கேன். வழியில ஒரு செருப்பு போச்சு. இங்க வந்து பாத்தா நீ தலை பின்னிக்கிட்டு இருக்க!"

மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லச் சொன்னேன் தேயேயை. சொன்னான். அவருக்குப் புரியவில்லை.

"காசு குடுத்து போனைக் கெடுத்துக்கிட்டாளா? என் கால் வரக் கூடாதுன்னா?"

"கெடுக்கல, வேகமாக்கியிருக்கேன்," என்றேன்.

"வேகமா எங்க போகப் போறா?"

இதைக் கையால் சொல்லும்போது தேயேயின் வாயோரம் சிரிப்பு. அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தேயே போனைப் பழையபடி மாற்றச் சொல்கிறான்.

"அம்மாவுக்கு அந்த ஒரு மணிதான் இருக்கு. அதையும் நிறுத்திட்ட."

"அதான் இங்கயே வந்து உக்காந்திருக்காங்களே! எதுக்கு மணி?"

"எப்பவும் உன் பக்கம்தான் நியாயம்."

"வார்டுக்குள்ள நீ வரப்போறியா? உன் அம்மா மணி அடிச்சா என் குழந்தை பொறந்துடுமா?"

அதற்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். எங்களில் இதைவிடக் கேவலமான வசை கிடையாது. கண்ணை மூடினால் நான் என்ன சொன்னாலும் அவனிடம் போய்ச் சேராது. காது கேட்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனாலும் அதற்கு வெளியே நின்று கத்தலாம். எனக்கு எதுவும் இல்லை. அவன் தோளில் குத்தினேன். திறக்கவில்லை.

கென்கே சோள உருண்டையும் மீனும் வைத்தேன். கண்ணைத் திறந்து சாப்பிட்டான்.

மார்ச் 1, வெள்ளி

அத்தை ஊருக்குப் போகவில்லை. பிரசவம் வரை இருக்கப் போகிறாராம். தினமும் காலையில் எனக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். பொத்தான் போனை எடுத்து என் நம்பரை அழுத்துகிறார். காதில் வைத்துக் கேட்கிறார். என்னை ஒரு பார்வை பார்க்கிறார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போகிறார்.

மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். அது போதாது அவருக்கு.

மார்ச் 6, புதன்

சுதந்திர தினம். தெருவெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிவகுப்பு. என் வீட்டில் துரோகம்.

எசினாமோடு பேசிக்கொண்டிருந்தேன். துடித்தது. நின்றது. நம்ப முடியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முற்றத்தில் அத்தை பொத்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். மணி அடித்துவிட்டதே அவருக்கு!

தேயே. நான் நேற்று சர்ச்சில் இருந்தபோது போனை ஒஃபோசுவிடம் எடுத்துப் போய் மாற்றி வாங்கி வந்திருக்கிறான். என் போனை. எனக்குத் தெரியாமல். ஒஃபோசுவும் மாற்றிக் கொடுத்திருக்கிறான், ஏனென்றால் வந்தவன் புருஷன்!

ஒரு பாத்திரத்தை எறிந்தேன். எதையோ உடைக்க வேண்டும்போல் இருந்தது, அலுமினியம், உடையவில்லை. தேயே "அம்மா அழுதாங்க" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு நான் கத்தினேன். கையால் இல்லை, வாயால். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

பிறகு அத்தையின் கையைப் பிடித்து இழுத்து வந்து என் போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். 4ஜி திரும்பி வரக் காத்திருந்து எசினாமை அழைத்தேன். அவள் அத்தையோடு வாயால் பேசினாள், பேசிப் பேசி நிறுத்தி எனக்குக் கையால் சொன்னாள். அத்தைக்கு அது பிடித்துப்போனது. கண்ணாடிக்கு இவ்வளவு கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு, யார் மகள், எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்டாராம்.

நடுவில் பொத்தான் போனை அவர் கையில் கொடுத்து, என்னைக் கூப்பிடுங்கள் என்று காட்டினேன். கூப்பிட்டார். எசினாம் பாதி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

அத்தை கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் தன் கையில் இருந்த பொத்தான் போனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

தேயேயிடம் ஏதோ கேட்டார். அவன் எனக்குச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினான். என்ன கேட்டார் என்று நான்தான் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"நானா அவளை நிறுத்தினேன்னு கேட்டாங்க."

மார்ச் 7, வியாழன்

அத்தையே என்னைக் கூட்டிக்கொண்டு ஒஃபோசுவிடம் போனார். மஞ்சள் குடைக்கு அடியில் அரை மணி நேரம் அவர் வாய் ஓயவில்லை. ஒஃபோசு எழுந்து நின்றே வேலை செய்தான். முடிந்ததும் பழக்கத்தில் தன் போனைக் கையில் எடுத்தான். அத்தை அவன் மணிக்கட்டில் ஒரு அடி போட்டார்.

மார்ச் 9, சனி

எழுதிவிடுகிறேன். நாள் நெருங்குகிறது, உள்ளே வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

2022 ஜூலை. என் நாத்தனார் கூட வந்திருந்தாள். கையுறை வாங்கி வா, ஊசி வாங்கி வா என்று அவளை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசி நேரத்தில் நான் மட்டும் இருந்தேன். மூன்று பேர். மூன்று பேருக்கும் முகமூடி. உதடும் இல்லை. துணி உள்ளே போய் வெளியே வந்தது, அதிலிருந்து கத்துகிறார்கள் என்று தெரிந்தது. நான் தள்ளினேன். ஒருத்தி தொடையில் அடித்தாள். இன்னும் பலமாகத் தள்ளினேன். மறுபடி அடித்தாள். எதற்கு அடித்தாள்? இன்னும் தள்ளு என்றா? சோம்பேறி என்றா? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.

ஆண் குழந்தை. ஒரு நிமிடம் காட்டினார்கள்.

மறுநாள் ஒரு காகிதத்தில் 'வருந்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் எழுதத் தெரிந்தது.

மார்ச் 21, வியாழன்

பை தயார். விரிப்பு, டெட்டால், பஞ்சு, சார்ஜ் ஏற்றும் பெட்டி இரண்டு. எசினாம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்குகிறாளாம். போன் பிடிக்கப் போவது அத்தை. தினமும் சாயங்காலம் கையை நீட்டிப் பிடித்துப் பழகுகிறார். பத்து நிமிடத்தில் கை இறங்குகிறது. இறங்கினால் நான் தட்டுகிறேன், அவர் முறைக்கிறார்.

தேயே மன்னிப்புக் கேட்டான். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

வலி. கிளம்புகிறோம்.

மார்ச் 28, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. தூங்குகிறாள். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

திங்கள் பத்து மணிக்கு உள்ளே போனோம். அத்தை போனைத் தூக்கியதும் பெரிய நர்ஸ் வந்து பிடுங்கிவிட்டாள். வார்டில் படம் எடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். திரையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். நான் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினேன். என் தோளை அழுத்திப் படுக்க வைத்தார்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் சாகும் வரை மன்னிக்க மாட்டேன். மறுபடியும் அதே அறை, அதே முகமூடிகள், ஒன்றும் தெரியாத நான்.

அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எசினாம் பிற்பாடு சொன்னாள், கவிழ்ந்த போனுக்குள்ளிருந்து அவள் தொண்டை கிழியக் கத்தினாளாம். "நான் இந்தப் பொண்ணோட காது! என்னத் தூக்குங்க! தூக்காம அவளத் தொட்டீங்கன்னா உங்க மூணு பேர் பேரையும் கேட்டு எழுதிக்குவேன்!" நர்ஸ் திகைத்து நின்றபோது அத்தை போய் போனை எடுத்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை.

பிறகு மூன்றே கால் மணி நேரம். அத்தை கையை இறக்கவில்லை. வலது கை மாறி இடது கை, அப்புறம் ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு. கண்ணாடிக்குள் எசினாமின் கைகள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்டில் பேசுவதெல்லாம் எனக்கு வந்தது. இரண்டு நர்ஸ்கள் வேறு எதையோ பற்றிப் பேசியதுகூட வந்தது. "இவங்க பக்கத்துத் தெரு கல்யாணத்தப் பத்திப் பேசறாங்க, கண்டுக்காத," என்றாள் எசினாம்.

கடைசியில் தள்ளிக்கொண்டிருந்தேன். பலமாக. எசினாம் இரண்டு உள்ளங்கைகளையும் என்னை நோக்கி நிமிர்த்தினாள்.

"நிறுத்து. தள்ளாத. தள்ளாதங்கறாங்க. கொடி கழுத்துல சுத்தியிருக்கு, எடுக்கறாங்க. ஊது. வாயால ஊது. தள்ளாத, மம்லே, ஊது."

ஊதினேன். உடம்பு முழுக்கத் தள்ளு தள்ளு என்கிறது, நான் ஊதிக்கொண்டே இருந்தேன். தொடை மேல் நர்ஸின் கை வந்து விழுந்தது. அதே இடம். அதே அடி. எசினாமின் உள்ளங்கைகளும் அந்த அடியும் ஒரே நேரத்தில்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, போன தடவை அவர்கள் என்ன கத்தினார்கள் என்று.

நான் தள்ளினேனே. அடிக்க அடிக்க இன்னும் தள்ளினேனே.

"இப்ப," என்றாள் எசினாம். "இப்பத் தள்ளு."

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. வாயைத் திறந்து அழுதாள், எனக்குத் தெரிந்தது. எசினாம் கண்ணாடிக்குள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போன் நிற்கவில்லை, அவள்தான் அசையாமல் இருந்தாள்.

போன தடவை ஒரு முகமூடியைக் கீழே இழுத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு கையை நிமிர்த்திக் காட்டியிருக்கலாம். 'தள்ளாதே' என்று காட்ட எந்த மொழி வேண்டும்? இதை அவனுக்கு, அந்த ஒரு நிமிடப் பிள்ளைக்கு, நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 31, ஞாயிறு

வந்தவர்கள் எல்லாரும் அவள் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்க்கிறார்கள். பாதிரியார் கூடத் தட்டினார். திடுக்கிட்டால் 'கடவுளுக்கு நன்றி' என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் முன்னாலேயே. என்னைப் போல இல்லையாம், நன்றியாம்.

இனிமேல் தட்டுகிறவர்களின் காதுக்குப் பக்கத்தில் நான் அலுமினியப் பாத்திரத்தைத் தட்டப் போகிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

அத்தை நேற்று ஊருக்குப் போனார். இரண்டு தோளிலும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

மத்தியானம் ஒஃபோசு வீட்டுக்கே வந்தான். குழந்தையைப் பார்த்தான். கை தட்டவில்லை. பையிலிருந்து ஒரு பொத்தான் போனை எடுத்து நீட்டித் தன் போனில் தட்டிக் காட்டினான்: "இதுல ஸ்பீக்கர் செத்துப்போச்சு. ஒரு சத்தம் வராது. துடிக்க மட்டும்தான் செய்யும். எவனும் வாங்க மாட்டான். உங்களுக்குத்தான் சரி. நம்பரை உங்க அத்தை போன்ல அவங்க போறதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துட்டேன்."

இதை முதல் நாளே யோசித்திருந்தால் ஒரு மாதச் சண்டையும் ஒரு செருப்பும் மிச்சம். அதை எழுதிக் காட்டினேன். தலையைச் சொறிந்தான். போனைக் கொடுக்கும்போது, முதல் தடவையாக, கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

ஐந்தே முக்கால். தலையணைக்கு அடியில் துடித்தது. ஒரு தடவை.

கை நீட்டி எடுப்பதற்குள் மறுபடி துடித்தது.

நானும் இரண்டு தடவை கூப்பிட்டுக் கட் செய்தேன்.